ஏகபோகமும் பரிகாரமும்: கூகுள் வழக்கின் இரு தீர்ப்புகள் பற்றிய ஒரு விமர்சனம்

நீதிமன்றத் தீர்ப்பொன்றினை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது இலக்கியச் சஞ்சிகைக்குப் பொருத்தமானதா எனச் சிலர் ஐயுறலாம். நாவலையும் கவிதையையும் ஆராயவேண்டிய பக்கங்களில் அமெரிக்கக் கம்பனி ஒன்றின் வழக்குக்கு என்ன வேலை என அவர்கள் கேட்கக்கூடும். ஆனால், எழுத்து மக்களைச் சென்றடையும் வழி யாருடைய கையில் இருக்கிறது என்பது எக்காலத்திலும் இலக்கியத்தின் பிரச்சினையாகவே இருந்துவந்துள்ளது. அச்சுக்கூடம் யாருடையது, பத்திரிகைத்தாளை விநியோகிப்பவர் யார், நூலகத்தின் வாயில் யாருக்குத் திறக்கும் என்னும் வினாக்களை ஒதுக்கிவிட்டு இலக்கியம் பேசுவது வேரை மறந்து மலரைப் பாடுவதற்கு ஒப்பாகும். இன்று அந்த வாயில் இணையத்தின் தேடுபொறியாக மாறியிருக்கிறது. மாணவன் பாடத்துக்குக் குறிப்புத் தேடுவதும், ஆசிரியர் நூலொன்று கிடைக்குமா என அறிவதும், நோயாளி மருந்தின் பெயரைச் சரிபார்ப்பதும் பெரும்பாலும் ஒரே வாயிலினூடாகவே நிகழ்கின்றன. அந்த வாயிலின் உடைமையாளரைப் பற்றி வாஷிங்டனிலுள்ள சமஷ்டி மாவட்ட நீதிமன்றம் வழங்கிய இரு தீர்ப்புகள் நமது கவனத்துக்குரியன.

முதலாவது தீர்ப்பு 2024 ஓகஸ்ட் 5ஆந் திகதி வெளிவந்தது. பொதுத் தேடற் சந்தையில் கூகுள் ஏகபோகம் செலுத்துகிறது என்றும், அவ்வேகபோகத்தைச் சட்டவிரோதமான முறையிற் பேணிவந்தது என்றும் நீதிபதி அமித் மேத்தா அதில் தீர்மானித்தார். இரண்டாவது தீர்ப்பு 2025 செப்டெம்பர் 2ஆந் திகதியது. சட்டமீறலுக்குப் பரிகாரம் யாது என்பதை அது வகுத்தது. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. எனினும், முதலாவதை வாசித்து முடித்தவர் இரண்டாவதை வாசிக்கையில் திகைப்படைவார். நோயை அத்துணை நுணுக்கமாக அறிந்த வைத்தியர் ஏன் இத்துணை மென்மையான மருந்தோடு அமைந்தார் என்ற வினா எழும். இதற்கு விடை நீதிபதியின் தனிப்பட்ட குணத்தில் இல்லை. அவர் கையிலிருந்த சட்டத்தின் இயல்பிலேயே உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சட்டத்தின் வரலாற்றை முதலிற் சுருக்கமாக நோக்குவோம். 1890ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் ஷேர்மன் சட்டத்தை நிறைவேற்றியது. எண்ணெய், சீனி, இரயில்பாதை ஆகியவற்றைத் தம் கைக்குள் அடக்கிய பெருங் கூட்டுக் கம்பனிகளுக்கு எதிராகக் கமக்காரரும் சிறு வியாபாரிகளும் எழுப்பிய குரலே அச்சட்டத்துக்குப் பின்னணி. மக்களின் கோபத்திற் பிறந்த சட்டம் யாருக்கு எதிராகப் பிரயோகிக்கப்பட்டது என்பதோ வேறு கதை. 1895இல், நாட்டின் சீனிச் சுத்திகரிப்பில் ஏறத்தாழ 98 வீதத்தைக் கையகப்படுத்தியிருந்த கூட்டினை இச்சட்டம் தீண்டாது என உயர் நீதிமன்றம் கூறிற்று. உற்பத்தி வேறு, வர்த்தகம் வேறு என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். ஆனால் 1908இல், டான்பரி நகரத் தொப்பித் தொழிலாளரின் பகிஷ்கரிப்பு வர்த்தகத்தைத் தடைசெய்யும் சதி என அதே நீதிமன்றம் அதே சட்டத்தின் கீழ்த் தீர்ப்பளித்தது. ஏகபோகத்தை அடக்கவந்த சட்டம் தொழிற்சங்கத்தின் முதுகிலேயே விழுந்தது.

எனினும், இதனைக்கொண்டு அச்சட்டம் வெறும் ஏமாற்று என முடிவுகட்டுவது தவறாகும். 1911இல் றொக்பெல்லரின் ஸ்ராண்டர்ட் ஒயில் கம்பனி 34 கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு முன்னர், ஐடா டார்பெல் என்னும் பெண் பத்திரிகையாளர் அக்கம்பனியின் உள்வேலைகளைத் தொடர்கட்டுரைகளாக எழுதி மக்கள் முன் வைத்திருந்தார். அக்கட்டுரைகள் 1904இல் நூலுருப் பெற்றன. எழுத்தும் இயக்கமும் இணைந்து அழுத்தியபோது நீதிமன்றமும் அசைந்தது. ஆகவே சட்டம் என்பது வானத்திலிருந்து விழுந்த நீதியுமன்று, முழுமையான சூழ்ச்சியுமன்று. அது சமுதாய சக்திகள் மோதும் களம். அக்களத்தின் நிலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே தீர்ப்பும் சாயும்.

இனி, வழக்கின் பொருளுக்கு வருவோம். கூகுள் எங்கே பிறந்தது? ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில். லறி பேஜ், சேர்ஜி பிரின் என்னும் இரு ஆராய்ச்சி மாணவர் 1990களில் அங்கு நடத்திய ஆய்வுக்கு அமெரிக்க அரசின் விஞ்ஞான நிதியுதவி கிடைத்தது. அதாவது வரி செலுத்திய மக்களின் பணம் கிடைத்தது. 1998இல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை இன்று வாசிக்குந்தோறும் வியப்பளிப்பது. விளம்பர வருமானத்தில் வாழும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாய்ந்து தேடுவோரின் தேவையைப் புறக்கணிக்கும் என அவ்விருவருமே அதில் எச்சரித்தனர். வெளிப்படையாக இயங்குவதும் கல்வித்துறையைச் சார்ந்ததுமான தேடுபொறி ஒன்று அவசியம் எனவும் எழுதினர். அதே ஆண்டிற் கம்பனியை ஆரம்பித்தனர். பின்னர் விளம்பரத்தையே அதன் உயிர்நாடியாக்கினர். இதனை அவ்விருவரின் ஒழுக்கக்கேடு என நாம் கருதவேண்டியதில்லை. மூலதனம் கேட்ட விலையை அறிவு கொடுத்தது, அவ்வளவே.

அமெரிக்க நீதித் திணைக்களமும் 11 மாநிலங்களும் 2020 ஒக்டோபர் 20ஆந் திகதி வழக்குத் தாக்கல் செய்தன. 2023 செப்டெம்பரில் விசாரணை தொடங்கிற்று. வழக்கின் மையம் சிக்கலானதன்று. புதிய கைத்தொலைபேசி ஒன்றை வாங்குகிறோம். தேடவேண்டிய சொல்லை அதில் எழுதுகிறோம். விடை கூகுளிலிருந்து வருகிறது. அதனை நாம் தெரிவுசெய்யவில்லை. நமக்காக வேறொருவர் முன்னரே தெரிவுசெய்து வைத்திருக்கிறார். இந்த முன்னமைவுக்காகக் கைத்தொலைபேசிக் கம்பனிகளுக்கும் உலாவிகளை ஆக்குவோருக்கும் கூகுள் 2021ஆம் ஆண்டில் மாத்திரம் 2,630 கோடி டொலர் செலுத்தியது. தேடல் தொடர்பான ஏனைய செலவுகள் அனைத்தையும் கூட்டினாலும் இத்தொகை அவற்றின் ஏறத்தாழ நான்கு மடங்காகும். அப்பிள் கம்பனி 2022இற் பெற்ற தொகை மாத்திரம் 2,000 கோடி டொலர் அளவினது. தேடலைச் செம்மைப்படுத்துவதற்குச் செலவிட்டதிலும் பன்மடங்கு பணம் பிறர் தேடலுக்குள் நுழையாதிருக்கச் செலவிடப்பட்டது என்பதே இதன் பொருள்.

கூகுள் தரப்பின் வாதம் நாம் அடிக்கடி கேட்டுப் பழகியதே. எங்கள் பொருள் சிறந்தது. மக்கள் சுதந்திரமாகத் தெரிவுசெய்கின்றனர். விரும்பாதவர் ஓரிரு அழுத்தலில் மாற்றிக்கொள்ளலாம் என அது கூறிற்று. கூகுளின் தரம் உயர்ந்தது என்பதை நீதிபதியும் மறுக்கவில்லை. ஆனால் சுதந்திரத் தெரிவு என்னும் திரையை அவர் நிதானமாக விலக்கிக் காட்டினார். மைக்கிரோசொப்ற் கம்பனியின் எட்ஜ் உலாவியில் அதன் சொந்தத் தேடுபொறியான பிங் முன்னமைவாக உள்ளது. அவ்வுலாவியில் நிகழும் தேடல்களில் ஏறத்தாழ 80 வீதம் பிங்குக்கே செல்கிறது. நாட்டின் முழுத் தேடல்களிலோ அதன் பங்கு ஏறத்தாழ 6 வீதம். கூகுளின் பங்கோ ஏறத்தாழ 90 வீதம். மக்களின் விருப்பம் எனச் சொல்லப்பட்டதிற் பெரும்பகுதி, எது முன்னே வைக்கப்பட்டதோ அதனோடு அமைந்துவிடும் பழக்கமே என்பது இதனாற் புலனாகிறது.

தீர்ப்பில் இன்னுமொரு செய்தி உண்டு. தேடலின் தரத்தைக் கணிசமாகக் குறைத்தால் என்ன நிகழும் என 2020இல் கூகுள் தானே ஆராய்ந்தது. தரத்தைக் குறைத்தாலும் தேடல் வருமானம் குறையாது என்பது அவ்வாய்வின் முடிவு. விளம்பரதாரரிடம் சிறிது சிறிதாக விலையை உயர்த்திப் பார்த்தபோதும் அவர்கள் விலகிச்செல்லவில்லை. செல்வதற்கு வேறிடம் இருக்கவில்லை. பொருள் கெட்டாலும் வாங்குவோர் குறையமாட்டார், விலை ஏறினாலும் அகலமாட்டார் என்னும் நிலையை விடத் தெளிவாக ஏகபோகத்தை வரையறுப்பது எங்ஙனம்? இவற்றையெல்லாம் கம்பனியின் சொந்தக் கோப்புகளிலிருந்தும் அதிகாரிகளின் சாட்சியங்களிலிருந்தும் திரட்டி ஒழுங்குபடுத்திய வகையில் 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பு நம் காலத்தின் முக்கியமான யதார்த்தவாத ஆவணங்களுள் ஒன்று எனத் தயக்கமின்றிக் கூறலாம். முதலாளித்துவத்தின் உள்ளறையை அதன் நீதிமன்றமே திறந்துகாட்டும் சந்தர்ப்பங்கள் அரியன.

ஆனால், இத்தீர்ப்பின் ஆழமான பகுதி வேறொன்று. கூகுள் ஒரு நாளிற் பெறும் தேடல்கள் அதன் போட்டியாளர் அனைவரும் சேர்ந்து பெறுவனவற்றின் ஒன்பது மடங்கு. கைத்தொலைபேசியில் மாத்திரம் நோக்கின் பத்தொன்பது மடங்கு. மக்கள் எதைத் தேடினர், எந்த விடையைத் திறந்தனர், எதைத் திறந்து உடனே மூடினர் என்ற தடயங்கள் யாவும் சேர்க்கப்பட்டு, அவற்றாலேயே அடுத்த தேடலுக்கான விடை செம்மையாகிறது. கூகுள் 13 மாதங்களிற் சேர்க்கும் தடயங்களைச் சேர்க்கப் பிங்குக்கு 17 ஆண்டுகளுக்கு மேலாகும் என்பது தீர்ப்பு தரும் கணக்கு. ஆகவே பின்தங்கியவர் மேலும் பின்தங்குவர். முன்சென்றவர் மேலும் முன்செல்வர். கூகுளின் விளம்பரப் பிரிவில் உயர்பதவி வகித்த ஸ்ரீதர் ராமசுவாமி 2019இல் ஆரம்பித்த நீவா என்னும் விளம்பரமற்ற தேடுபொறி 2023இல் மூடப்பட்டமை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அனுபவமும் மூலதனமும் உடையவருக்கே அந்நிலை எனின் ஏனையோர் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

இத்தடயங்கள் யாருடைய ஆக்கம்? தாயொருத்தி நள்ளிரவில் குழந்தையின் காய்ச்சலைப் பற்றித் தேடி, பயனற்ற மூன்று விடைகளைத் தள்ளி நான்காவதைத் திறக்கும்போது, அவள் தன்னையறியாமலே அடுத்த தாய்க்கு வழிகாட்டுகிறாள். மாணவனொருவன் சரியான கட்டுரையைக் கண்டு அதில் நின்று வாசிக்கும்போது அவனும் அதனையே செய்கிறான். தேடுபொறியின் அறிவிற் பெரும்பகுதி இவ்வாறு கோடிக்கணக்கானோரின் கூலியற்ற உழைப்பினால் ஆனது. இணையப் பக்கங்களை எழுதியோரின் உழைப்பும் அதனோடு சேர்கிறது. உற்பத்தி சமுதாய ரீதியானது, உடைமையோ தனியாருடையது. பழைய உண்மைதான். ஆனால் அது இத்துணை நிர்வாணமாக வேறெந்தத் தொழிலிலும் வெளிப்பட்டதில்லை. நீதிபதி இந்த உண்மையின் வாசற்படிவரை வருகிறார். தடயங்களின் அளவே ஏகபோகத்தின் அரண் என அவர் காண்கிறார். அவை யாருக்குச் சொந்தம் என்ற வினாவை அவர் கேட்கவில்லை. அவரிடமுள்ள சட்டத்தில் அந்த வினாவுக்கு இடமில்லை.

அதன் விளைவை 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பிற் காண்கிறோம். குரோம் உலாவியைக் கூகுள் விற்கவேண்டும் என்ற அரசாங்கத் தரப்பின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. முன்னமைவுக்குப் பணங் கொடுப்பதை முற்றாகத் தடைசெய்யவேண்டும் என்ற கோரிக்கையும் நிராகரிக்கப்பட்டது. தனியுரிமை கோரும் ஒப்பந்தங்கள் மாத்திரம் தடுக்கப்பட்டன. தேடற் சுட்டியின் ஒரு பகுதியையும் பயன்படுத்துவோரின் தடயங்களில் ஒரு பகுதியையும் தகுதியுடைய போட்டியாளருக்கு வழங்கவேண்டும் எனக் கட்டளையிடப்பட்டது. மேற்பார்வைக்குத் தொழில்நுட்பக் குழு ஒன்று. காலம் ஆறு ஆண்டுகள். முன்னமைவு ஒப்பந்தங்கள் ஓராண்டுக்கு மேற்படலாகாது என்னும் கட்டுப்பாடு அவ்வாண்டு டிசெம்பரிற் சேர்க்கப்பட்டது. செப்டெம்பர்த் தீர்ப்பு வெளிவந்த மறுநாள், கூகுளின் தாய்க் கம்பனியான அல்பபெற்றின் பங்குவிலை ஏறத்தாழ 9 வீதம் உயர்ந்தது. பங்குச்சந்தையும் ஒரு விமர்சகரே. அதன் விமர்சனம் சுருக்கமானது.

பணக் கொடுப்பனவைத் தடைசெய்யாமைக்கு நீதிபதி கூறும் காரணம் ஊன்றி நோக்கத்தக்கது. பணம் நின்றுபோனால் அதனைப் பெற்றுவருவோர் பாதிக்கப்படுவர் என்கிறார். இது பொய்யன்று. பயர்பொக்ஸ் உலாவியை ஆக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுளிடமிருந்தே வருகிறது. அது நின்றால் அச்சிறு உலாவியின் நிலை ஆபத்துக்குள்ளாகும். ஆனால் இந்த நியாயத்தின் உட்பொருள் என்ன? ஏகபோகம் எத்துணைபேரைத் தன்னிற் தங்கியிருக்கச் செய்கிறதோ அத்துணைக்கு அதனைத் தொடுவது அநீதியாகிவிடுகிறது. பண்ணையாரை அகற்றினால் குடியானவர் எங்கே கடன் வாங்குவர் எனக் கேட்டவர்களின் குரல் இது. அடிமைத்தனமே அடிமைகொண்டவரின் கேடயமாகிறது.

இரண்டாவது காரணம் செயற்கை நுண்ணறிவு. வினாவுக்கு உரைநடையில் விடைகூறும் புதிய கருவிகள் தோன்றியுள்ளன. அவை கூகுளுக்குப் போட்டியாகலாம். ஆகவே சந்தை தன்னைத் தானே திருத்திக்கொள்ள இடமளிக்கவேண்டும் என்பது வாதம். இப்புதிய கருவிகளின் முன்னணியில் நிற்போர் யார்? பெருங் கம்பனிகளும் அவற்றின் மூலதனத்தைப் பெற்றவையுமே. கூகுளும் அவற்றுள் ஒன்று. ஒரு ஏகபோகத்துக்கு மாற்றாக மூன்று நான்கு பெருங் கம்பனிகள் அமைவது முதலீட்டாளருக்கு ஆறுதலளிக்கலாம். கேள்வி கேட்கும் மாணவனுக்கு அதனால் விடுதலை உண்டா? முன்னர் பத்து விடைகளிலிருந்து ஒன்றை அவன் தெரிந்தெடுத்தான். இனி ஒரே விடையை ஏற்கப் பழக்கப்படுகிறான். வாயில் இன்னும் குறுகுகிறது.

வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. 1911இற் பிரிக்கப்பட்ட ஸ்ராண்டர்ட் ஒயிலின் வாரிசுகளுள் முக்கியமான இரண்டு, எக்ஸோன், மோபில் என்னும் பெயர்களில் வளர்ந்து 1999இல் மீண்டும் ஒன்றாயின. 1998இல் மைக்கிரோசொப்ற் மீது வழக்குத் தொடரப்பட்டது. அக்கம்பனியைப் பிளக்கும் கட்டளை 2000இற் பிறந்து 2001இல் மேன்முறையீட்டில் நீக்கப்பட்டது. எனினும் அவ்வழக்கினால் மைக்கிரோசொப்றின் கை சிறிது கட்டுண்டிருந்த காலத்திலேயே கூகுள் வளர்ந்தது எனப் பலரும் கூறுவர். அன்று ஏகபோகத்தின் நிழலிலிருந்து தப்பிய சிறு கம்பனி இன்றைய ஏகபோகம். அன்றைய ஏகபோகம் இன்றைய வழக்கின் சாட்சி. போட்டியை மீட்டுக் கொடுத்தாற் போதும் என்பவர்கள் இந்தச் சுழலுக்கு விடை கூறவேண்டும். போட்டியின் முடிவில் ஒருவர் வெல்வார். வென்றவர் வாயிலை அடைப்பார்.

ஐரோப்பாவில் வேறொரு பாதை பரீட்சிக்கப்பட்டது. பொருள்களின் விலையை ஒப்பிடும் சேவைகளைத் தேடல் முடிவுகளிற் பின்தள்ளியமைக்காக ஐரோப்பிய ஆணைக்குழு 2017இல் கூகுளுக்கு 242 கோடி யூரோ தண்டம் விதித்தது. ஐரோப்பிய நீதிமன்றம் அதனை இறுதியாக உறுதிசெய்தது 2024 செப்டெம்பரில். இதற்கிடையிற் பாதிக்கப்பட்ட சிறு சேவைகள் பல அழிந்துபோயின. முறையீடு செய்தவர் மறைந்தபின் வரும் நீதி கம்பனியின் கணக்கேட்டில் ஒரு செலவினமாக மாத்திரமே பதிவாகும். பிந்திய அனுபவத்தினால் ஐரோப்பியர் 2022இல் முன்கூட்டியே விதிகளை வகுக்கும் சட்டமொன்றை இயற்றினர். அது முன்னேற்றமே. ஆயினும், உடைமை பற்றிய வினா அங்கும் எழவில்லை.

இவ்விடத்தில் நம்மிடையேயுள்ள சில நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இவை முதலாளிகளுக்கிடையிலான பிணக்கு. கூகுளும் மைக்கிரோசொப்றும் மோதினால் நமக்கென்ன என அவர்கள் கூறுவர். இது தீவிரவாதம் போலத் தோற்றமளிக்கும் சோம்பேறித்தனம். அப்பிணக்கு நிகழ்ந்திராவிடின், மேலே கூறிய உண்மைகளில் ஒன்றேனும் நம்மை எட்டியிராது. தனியுரிமை ஒப்பந்தங்கள் தடுக்கப்பட்டமையும், தடயங்களின் ஒரு பகுதியேனும் பகிரப்படவேண்டும் என்ற கட்டளையும் சிறியவையாயினும் உண்மையான வெற்றிகள். தடயங்கள் பகிரப்படக்கூடியவை என நீதிமன்றமே ஏற்றுக்கொண்டுவிட்டது. போட்டியாளருக்குப் பகிரலாம் எனின் பொதுமக்களுக்கு ஏன் பகிரலாகாது என்ற அடுத்த கேள்விக்கு அது வழி திறந்துள்ளது. பாதி திறந்த கதவை இகழ்வதிலும் மீதியைத் தள்ளுவதே அறிவுடைமை.

அந்த மீதிப் பாதியின் சாயல் எங்கேனும் தெரிகிறதா? தெரிகிறது. 2022இல் ஐரோப்பிய ஆய்வு நிறுவனங்கள் 14 ஒன்றுகூடி, எவரும் பயன்படுத்தத்தக்க திறந்த தேடற் சுட்டி ஒன்றை ஆக்கும் முயற்சியில் இறங்கின. அதற்கு ஐரோப்பிய ஒன்றியம் அளித்த பணம் 85 இலட்சம் யூரோ. முன்னமைவுக்காகக் கூகுள் ஒரே ஆண்டில் இறைத்த 2,630 கோடி டொலரை இதற்கருகே வைத்துப் பாருங்கள். பொது நூலகத்துக்குக் கொடுக்கப்படும் பணமும் நூலகத்தின் வாயிலை அடைப்பதற்குக் கொடுக்கப்படும் பணமும் இந்த விகிதத்தில் நிற்கின்றன. எனினும் அச்சிறு முயற்சி 1998இல் அவ்விரு மாணவர் எழுதிவைத்து மறந்த வழியில், அதாவது வெளிப்படையாகவும் கல்வித்துறையின் பொறுப்பிலும் இயங்கும் தேடல் என்ற வழியில், நடக்க முனைகிறது.

2024ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒரு சிறந்த நாவலின் முதற் பாகத்தைப் போன்றது. 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பு, பாத்திரங்களின் போக்கு எங்கே இட்டுச்செல்லும் என்பதைக் கண்டு அஞ்சிய ஆசிரியர் அவசரமாகச் சமரசஞ் செய்து முடித்த இரண்டாம் பாகத்தைப் போன்றது. மூன்றாம் பாகத்தை மேன்முறையீட்டு நீதிமன்றங்கள் மாத்திரம் எழுதிவிட முடியாது. ஐடா டார்பெல்லின் கட்டுரைகளும் கமக்காரரின் கோபமும் இன்றி 1911 நிகழ்ந்திராது. ஆசிரியர்களும் மாணவர்களும் தேடுபொறியின் அன்றாடப் பாவனையாளர். அதன் அறிவை நாள்தோறும் கூலியின்றி வளர்ப்போரும் அவர்களே. விடையைப் பெற்று நன்றியோடு அகலும் நுகர்வோராக மாத்திரம் இருந்துவிடாமல், இவ்விடை எவ்வாறு முன்னே வந்தது, எது பின்தள்ளப்பட்டது, இதனால் இலாபமடைபவர் யார் என வகுப்பறையிற் கேட்கத் தொடங்குவார்களாயின் அம்மூன்றாம் பாகத்தின் முதல் வரி எழுதப்பட்டுவிடும். நூலகம் பொதுச்சொத்து என்பதை நம் முன்னோர் போராடி நிலைநாட்டினர். தேடலும் அவ்வாறே பொதுச்சொத்து என்பதை நிலைநாட்டும் கடமை நம்முடையது.